ரிச்சர்டு பிரைட்டும் 'அரச மருத்துவர்' என்னும் பட்டமும்

முன்னுரை

மருத்துவ வரலாற்று நூல்களும் கலைக்களஞ்சியங்களும் ரிச்சர்டு பிரைட்டைப் (1789–1858) பற்றி எழுதுங்கால் இரண்டு செய்திகளைத் தவறாது சுட்டும். அவர் சிறுநீரக நோயியலின் தந்தை என்பது ஒன்று. விக்டோரியா அரசியாரின் மருத்துவராக விளங்கினார் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் உண்மையே. ஆயினும் இவை அடுத்தடுத்து நிற்கும்பொழுது படிப்போர் உள்ளத்தில் ஒரு பிழையான எண்ணம் எழுதல் கூடும். அரண்மனைச் சார்பினால் ஒரு மருத்துவர் உயர்ந்தார், அவ்வுயர்வினால் அவர்தம் ஆராய்ச்சி தழைத்தது என்பதே அவ்வெண்ணம். புலவரையும் புரவலரையும் இணைத்தே இலக்கிய வரலாறு பயின்ற நமக்கு அவ்வாறு கருதுதல் எளிதுமாகும்.

பிரைட்டின் வாழ்க்கையை ஆண்டு முறையில் வைத்து நோக்கின், செய்தி தலைகீழாக இருத்தலைக் காணலாம். அவர்தம் பெயரை நிலைநாட்டிய நூல் வெளிவந்தது 1827-இல். அவர்தம் கொள்கை முழு வடிவம் பெற்ற கட்டுரை வெளிவந்தது 1836-இல். அரச மருத்துவர் என்னும் பட்டம் வந்ததோ 1837-இல். அறிவு முன்னும் பட்டம் பின்னுமாக அமைந்த இவ்வரலாற்றில், அவ்வறிவு எங்கே, யார் யார் துணையால், எவருடைய உடல்களைக் கொண்டு பிறந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சியினிடையே தமிழ் கற்றார் நன்கறிந்த ஒருவரையும் நாம் எதிர்ப்பட நேரும்.

இளமையும் பயணங்களும்

பிரைட் 1789 செப்டம்பர் 28-ஆம் நாள் பிரிஸ்டல் நகரிற் பிறந்தார். தந்தையார் செல்வம் மிக்க வணிகர். வங்கித் தொழிலும் உடையவர். மேற்கிந்தியத் தீவுகளோடு நிகழ்ந்த வாணிகத்தால் வளம் பெற்ற குடும்பம் அது. ஆகவே, பிற்காலத்தில் பிரைட் பொருளீட்டும் கவலையின்றிப் பல்லாண்டுகள் மருத்துவமனையிலேயே காலங் கழிக்க இயன்றது. அவ்வியல்பின் பின்னே அடிமைகளின் உழைப்பும் நின்றது என்பதை வரலாறு எழுதுவோர் மறைத்தல் ஆகாது.

1808-இல் எடின்பரோப் பல்கலைக்கழகம் புகுந்த பிரைட், முதலில் மெய்யியலும் கணிதமும் பயின்று, அடுத்த ஆண்டில் மருத்துவத்திற்குத் திரும்பினார். 1810-இல் சர் ஜார்ஜ் மெக்கன்சி என்பார் ஐசுலாந்துக்கு மேற்கொண்ட ஆராய்ச்சிப் பயணத்தில் இரண்டு மாணவர்கள் உடன் சென்றனர். ஒருவர் பிரைட், மற்றவர் ஹென்றி ஹாலந்து. இந்த ஹாலந்தின் பெயரை நாம் மீண்டும் காண்போம். 1811-இல் வெளிவந்த மெக்கன்சியின் பயண நூலில், அத்தீவின் செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றிய பகுதிகள் பிரைட்டின் உழைப்பால் அமைந்தவை.

1813-இல் மருத்துவப் பட்டம் பெற்றபின் அவர் ஐரோப்பாவில் நெடுந்தொலைவு பயணஞ் செய்தார். நெப்போலியனின் வீழ்ச்சிக்குப் பின்னர் ஐரோப்பிய அரசர்கள் வியன்னாவிற் கூடியிருந்த காலம் அது. அங்கிருந்து அவர் ஹங்கேரி நாட்டின் உட்பகுதிகளுக்குச் சென்று, ஆங்குக் கண்டவற்றை 1818-இல் ஒரு பெரு நூலாக வெளியிட்டார். நில வளம், திராட்சைத் தோட்டம், குடியானவர் நிலை, மக்கள் தொகைக் கணக்கு ஆகிய அனைத்தையும் அந்நூல் கூறும். அதிலுள்ள படங்களுக்கு மூலமானவை அவரே வரைந்த ஓவியங்கள். ஜிப்சி மக்களின் மொழிச் சொற்களையும் அவர் தொகுத்து அந்நூலின் பின்னிணைப்பாகச் சேர்த்தார். இந்திய மொழிகளோடு உறவுடைய அம்மொழியின் சொற்களை ஓர் இளம் மருத்துவர் ஊர் ஊராகக் கேட்டெழுதியமை மொழிநூலார் மகிழத் தக்கது.

இப்பயணங்களை இளமைக்கால விருப்பம் என்று மட்டும் ஒதுக்குதல் பொருந்தாது. கண்டதைக் கண்டவாறு எழுதுதல், எழுதியதை வரைந்து காட்டுதல், வரைந்ததை ஒன்றோடொன்று ஒப்பிடுதல் என்னும் மூன்று பழக்கங்களும் ஐசுலாந்திலும் ஹங்கேரியிலும் அவரிடம் ஊன்றின. பின்னர் இவையே நோயாளர் கூடத்தில் பயன்பட்டன.

கைஸ் மருத்துவமனை

தாமஸ் கை என்னும் புத்தக வணிகர் 1721-இல் தொடங்கி, அவர் மறைந்தபின் 1725-இல் திறக்கப்பெற்றது இலண்டனிலுள்ள கைஸ் மருத்துவமனை. பிற இடங்களில் தீராதென்று கைவிடப்பட்ட ஏழை நோயாளருக்காகவே அது எழுந்தது. பிரைட் 1820-இல் அங்குத் துணை மருத்துவராகவும், 1824-இல் முழு மருத்துவராகவும் அமர்ந்தார். 1844 வரை அப்பணியில் இருந்தார்.

அக்காலத்தில் அங்கு ஒருங்கே பணியாற்றிய மூவரை மருத்துவ வரலாற்றார் சேர்த்துப் பேசுவது மரபு. சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சுரப்பியின் நோயைக் கண்ட தாமஸ் அடிசன், நிணநீர்ச் சுரப்பிகளின் நோயை 1832-இல் விளக்கிய தாமஸ் ஹாட்ஜ்கின், பிரைட் ஆகியோரே அம்மூவர். இவருள் ஹாட்ஜ்கின் மருத்துவமனையின் அருங்காட்சியகத்தைக் காத்து, இறந்தோர் உடல்களை அறுத்தாய்ந்து குறிப்பெழுதும் பொறுப்பில் இருந்தார். கட்டிலருகே உயிரோடிருந்த காலத்து நோயாளியைப் பிரைட் பார்ப்பார். இறந்தபின் அவ்வுடலினுள் நேர்ந்திருந்த மாற்றத்தை ஹாட்ஜ்கினின் ஆய்வறை காட்டும். இவ்விரண்டும் ஒரே கட்டடத்தினுள் அடுத்தடுத்து அமைந்தமையே பிரைட்டின் கண்டுபிடிப்புக்குக் களம் ஆயிற்று.

முன்னோர் கண்டதும் பிரைட் கண்டதும்

உடலில் நீர் கோத்து முகமும் காலும் வயிறும் வீங்குதலைப் பண்டைய ஐரோப்பிய மருத்துவர் ஒரு தனி நோயாகவே கருதி வந்தனர். நீரே நோய், நீரை வெளியேற்றுவதே மருத்துவம். இவ்வாறு வீங்கியோருள் சிலரது சிறுநீர் சூட்டினால் உறையும் என்பதை இத்தாலியரான கொட்டுன்னோ 1764-இலேயே எழுதினார். வில்லியம் வெல்ஸ் 1812-இலும், ஜான் பிளாக்கால் 1813-இலும் இதனை மேலும் விரிவாக எடுத்துக்காட்டினர். ஆகவே, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதப்பொருள் இருத்தலை முதலிற் கண்டவர் பிரைட் அல்லர். சிறுநீரகம் கெட்டுச் சுருங்கியிருத்தலைப் பிண ஆய்விற் கண்டோரும் அவருக்கு முன்னரே உளர்.

பிரைட் செய்தது யாது? வீக்கம், உறையும் சிறுநீர், கெட்ட சிறுநீரகம் என்னும் மூன்றும் தனித்தனிச் செய்திகளாக மூன்று இடங்களிற் கிடந்தன. அம்மூன்றும் ஒரு நோயின் மூன்று முகங்கள் என்று நிறுவியவர் பிரைட். தொகுப்பார் பலர் இருப்பினும், தொகுத்தவற்றிடையே உறவு காண்பவரே ஆராய்ச்சியாளர் ஆவார். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங் காணும் நம் துறையினர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று.

அவர் கையாண்ட கருவிகள் மிக எளியவை. ஒரு கரண்டியிற் சிறிது சிறுநீரை எடுத்து மெழுகுவத்திச் சுடரின்மேற் பிடிப்பர். ஆல்புமின் இருப்பின், முட்டையின் வெண்கரு வேகும்பொழுது போல, நீர் வெளுத்துக் கலங்கி உறையும். ஏழை நோயாளியின் கட்டிலருகே நின்று சில நொடியிற் செய்துவிடத் தக்க சோதனை இது. இதன் விடையை எழுதி வைத்து, அந்நோயாளி இறப்பின் சிறுநீரகத்தைப் பிண ஆய்வில் நோக்குவர். நுண்ணோக்கியின் துணை பெரிதும் இன்றியே, வெறுங்கண்ணாலும் கரண்டியாலும் நிகழ்ந்த ஆராய்ச்சி இது.

1827-இல் வெளிவந்த அவர்தம் 'மருத்துவ நோயாளர் அறிக்கைகள்' என்னும் நூலின் முதற்பகுதி இவ்வுறவை வெளிப்படுத்தியது. நோயாளியின் அகவை, தொழில், பழக்கவழக்கம், நாள்தோறும் மாறிய நிலை, இறுதி, பிண ஆய்வு என்னும் முறையில் ஒவ்வொரு வரலாறும் அமைந்துள்ளது. கெட்ட சிறுநீரகத்தின் தோற்றத்தை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டிய அவர், அவை மூன்று தனி நோய்களா, ஒரே நோயின் மூன்று படிகளா என்பதை உறுதியாக முடிவு கட்டாது விட்டார். சான்று போதாத இடத்தில் நின்றுவிடும் இவ்வடக்கம் பாராட்டத் தக்கது. ஃபிரடெரிக் சே என்னும் ஓவியர் வரைந்த வண்ணப்படங்கள் இந்நூலை அணிசெய்தன. இரண்டாம் பகுதி 1831-இல் வெளிவந்தது.

ஜான் பாஸ்டாக் என்னும் வேதியியலார் இந்நோயாளிகளின் சிறுநீரையும் குருதியையும் பகுத்தாய்ந்தார். சிறுநீரில் ஆல்புமின் மிகுந்த அளவுக்குக் குருதியில் அது குறைந்திருத்தலையும், சிறுநீரிற் கழிய வேண்டிய யூரியா குருதியிலே தங்கிவிடுதலையும் அவ்வாய்வுகள் சுட்டின. பிரான்சில் பிரெவோ, டூமா என்னும் இருவர் விலங்குகளின் சிறுநீரகங்களை நீக்கி 1821-இல் கண்ட உண்மை, இலண்டனில் மனித நோயாளியிடம் மெய்யாயிற்று. எடின்பரோவில் ராபர்ட் கிறிஸ்டிசன் இம்முடிவுகளை ஏற்று வளர்த்தார்.

நூறு பேரின் அட்டவணை

1836-இல் கைஸ் மருத்துவமனையின் அறிக்கை இதழ் தொடங்கிற்று. அதன் முதல் தொகுதியிலேயே பிரைட் இந்நோயைப் பற்றி எழுதினார். உறையும் சிறுநீரோடு தொடர்புடைய நூறு பேரின் பிண ஆய்வு முடிவுகளை ஓர் அட்டவணையாகவும் வெளியிட்டார். நோய் நடக்கும் வழியையும் அவர் விரித்துரைத்தார். செம்புள்ளிக் காய்ச்சலுக்குப் பின்னரோ, குடிமிகுதியாலோ, குளிரில் நனைந்தமையாலோ நோய் தொடங்குதல், முகம் ஊதுதல், இரவில் எழுந்து சிறுநீர் கழிக்க நேர்தல், வெளிறுதல், தலைநோவு, பார்வை மங்குதல், வலிப்பு, இறுதியில் உணர்விழத்தல் என அது செல்கிறது. இன்றும் சிறுநீரகம் செயலிழக்கும் நோயாளியிடம் மருத்துவர் காணும் வரலாறு பெரும்பாலும் இதுவே.

அவ்வட்டவணையில் மற்றொரு செய்தி உள்ளது. அந்நூறு பேருள் பாதிக்கு மேற்பட்டோரின் இதயம் தடித்துப் பருத்திருந்தது. அவருள் பலருக்கு இதயத்தின் வாயில்களில் எக்குறையும் இல்லை. பின் இதயம் ஏன் பருத்தது? குருதியின் தன்மை திரிந்தமையால் அது இதயத்தை நேரே தூண்டியிருக்கலாம்; அல்லது மிக நுண்ணிய குழாய்களில் குருதி செல்லுதற்குத் தடை மிகுந்து, அதனைத் தள்ள இதயம் மிகுதியாக உழைக்க நேர்ந்திருக்கலாம் எனப் பிரைட் கருதினார். மனிதனின் குருதியழுத்தத்தை அளக்கும் கருவி மருத்துவமனைக்கு வாராத காலத்தில், சிறுநீரக நோய்க்கும் உயர் குருதியழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை அவர் நெருங்கிவிட்டார் எனலாம். எண்ணி அட்டவணையிட்டமையால் கிடைத்த பயன் இது. ஒரு நோயாளியைப் பார்த்தவர்க்குத் தோன்றாதது, நூறு பேரை வரிசையில் நிறுத்தியவர்க்குத் தோன்றிற்று.

1837-ஆம் ஆண்டு

இனி, பட்டம் வந்த ஆண்டை நோக்குவோம். 1837 சூன் 20-ஆம் நாள் விக்டோரியா அரசுகட்டில் ஏறினார். அவ்வாண்டில் பிரைட் அரசியாரின் மருத்துவருள் ஒருவராக அமர்த்தப்பெற்றார். அப்பதவியின் தன்மையைத் தெளிதல் வேண்டும். ஆங்கில அரண்மனை மருத்துவர் இருவகையினர். அன்றாடக் கடமை ஏற்று, அரச குடும்பத்தாரின் உடல்நலத்தை நேரே காப்போர் ஒரு வகையினர். இவரை நிலை மருத்துவர் என்போம். தேவை நேர்ந்துழி அழைக்கப்பெறும் கூடுதல் மருத்துவர் மற்றொரு வகையினர். இவரை அழைப்பு மருத்துவர் என்போம். பிரைட் பெற்றது இரண்டாவது பதவி. ஐசுலாந்துக்கு உடன்சென்ற ஹென்றி ஹாலந்தும் அதே ஆண்டில் அதே பதவியைப் பெற்றார். 1852-இல் நிலை மருத்துவராகவும் உயர்ந்தார். உயர்குடியினரின் மருத்துவராக ஹாலந்து பெரும்புகழ் ஈட்டினார். அரண்மனைப் படிநிலையை அளவுகோலாகக் கொள்ளின் ஹாலந்தே பெரியவர். மருத்துவ அறிவின் வரலாறோ பிரைட்டையே முன்வைக்கிறது. ஒரே கப்பலிற் சென்ற இரு மாணவரின் வாழ்க்கையே பட்டம் அறிவின் அளவாகாது என்பதற்குச் சான்றாகும்.

அவ்வாண்டிலேயே கைஸ் மருத்துவமனையில் மற்றொன்று நிகழ்ந்தது. துணை மருத்துவர் பதவி ஒன்று ஒழிந்தது. அருங்காட்சியகத்தையும் பிண ஆய்வையும் பல்லாண்டு நடத்திய ஹாட்ஜ்கின் அதனை எதிர்நோக்கினார். மருத்துவமனையின் பொருளாளரும் அதனை ஏறக்குறைய தனியொருவராக ஆண்டவருமான பெஞ்சமின் ஹாரிசன் அவரை விரும்பவில்லை. ஹாட்ஜ்கின் குவேக்கர் சமயத்தைச் சார்ந்தவர். வட அமெரிக்கப் பழங்குடியினர்பால் ஹட்சன் வளைகுடா வணிகக் குழுமம் நடந்துகொண்ட முறையைக் கண்டித்தவர். ஹாரிசனோ அக்குழுமத்தின் ஆட்சிக் குழுவில் இருந்தவர். பதவி ஹாட்ஜ்கினுக்குக் கிட்டவில்லை. அவர் மருத்துவமனையை விட்டு நீங்கினார். 1837-இல் பழங்குடிகள் பாதுகாப்புக் கழகம் தோன்றியபொழுது அதனை நிறுவியோருள் ஒருவராக நின்ற அவர், 1866-இல் பாலத்தீனத்து யாப்பா நகரில் மறைந்தார்.

ஒரே களத்தில் உழைத்த இருவருள் ஒருவர்க்கு அரண்மனைச் சிறப்பும், மற்றவர்க்கு வெளியேற்றமும் ஒரே ஆண்டில் நேர்ந்தன. கூட்டு உழைப்பிற் பிறந்த அறிவுக்குத் தனித்தனியே வழங்கப்பட்ட பரிசுகள் இவ்வாறு வேறுபட்டன.

தமிழ் கற்ற மருத்துவர்

ஹாட்ஜ்கினுக்குக் கிட்டாத அப்பதவியைப் பெற்றவர் யார் என்பது நம் துறையினர்க்கு வியப்பளிக்கும். அவர் பெஞ்சமின் கை பாபிங்டன் (1794–1866). வீரமாமுனிவர் இலத்தீன் மொழியில் இயற்றிய செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சென்னைக் கல்லூரி அச்சகத்தின் வாயிலாக 1822-இல் வெளியிட்டவர் இவரே. அம்முனிவரின் பரமார்த்த குருவின் கதையை ஆங்கில மொழிபெயர்ப்போடும் சொற்பட்டியலோடும் அதே ஆண்டில் இலண்டனிற் பதிப்பித்தவரும் இவரே. மாமல்லபுரத்துச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் பற்றி இவர் எழுதிய கட்டுரை, இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் வெளியீட்டில் 1830-இல் இடம்பெற்றது. பல்லவர் கால எழுத்தைப் படித்தறிய முனைந்த முன்னோடி முயற்சிகளுள் அஃது ஒன்று.

சென்னையில் ஆட்சித்துறைப் பணியில் இருந்த பாபிங்டன், உடல்நலக் குறைவால் தாயகம் மீண்டு மருத்துவம் பயின்றார். இவர்தம் தந்தையார் வில்லியம் பாபிங்டன் கைஸ் மருத்துவமனையின் பெயர்பெற்ற மருத்துவர். வில்லியமின் மகளான மார்த்தாவைப் பிரைட் 1822-இல் மணந்தார். அவ்வம்மையார் மறு ஆண்டிலேயே மறைந்தார். ஆக, செந்தமிழ் இலக்கணத்தின் மொழிபெயர்ப்பாளர், சிறுநீரக நோயியலின் தந்தைக்கு மைத்துனர் ஆவார். உறவு மட்டுமன்றித் தொழிலும் இருவரையும் இணைத்தது. பிரைட்டின் நோயாளிகளது குருதியை ஆய்ந்து அதில் யூரியா இருத்தலைக் கண்டோருள் பாபிங்டனும் ஒருவர். தொண்டையின் உட்பகுதியைக் கண்ணாடியால் நோக்கும் கருவியொன்றை 1829-இல் அமைத்துக் காட்டியவரும் அவரே. 1850-இல் இலண்டனில் அமைந்த கொள்ளைநோய் ஆராய்ச்சிக் கழகத்துக்கு அவர் முதல் தலைவரும் ஆனார்.

ஹாட்ஜ்கினுக்கு நேர்ந்த குறையைப் பாபிங்டனின் தகுதியின்மையாகக் கொள்ளுதல் பொருந்தாது. இருவரும் தகுதி மிக்கோர். ஒருவர்க்குக் குடும்பமும் நிறுவனமும் துணைநின்றன. மற்றவர்க்கு அவை துணைநிற்கவில்லை. பரமார்த்த குருவின் கதைப் பதிப்பைக் கையிலெடுக்கும் தமிழ் மாணவர், அதன் பதிப்பாசிரியரது பிற்கால வாழ்வோடு இவ்வரலாறும் பிணைந்திருத்தலை அறிதல் நன்று.

அரண்மனையும் நோயாளர் கூடமும்

பட்டம் பெற்றபின்னரும் பிரைட்டின் ஆராய்ச்சி நோயாளர் கூடத்திலேயே நிகழ்ந்தது. 1838 முதல் அவர் வயிற்றுக் கட்டிகளைப் பற்றித் தொடர்ச்சியாகக் கட்டுரைகள் எழுதினார். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், சூலகம் ஆகியவற்றின் வீக்கங்களை உயிரோடிருக்கும்பொழுதே கையால் தொட்டு வேறுபடுத்தி அறியும் வழிகளை அவை கூறின.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சி 1839-இல் அரண்மனையில் நேர்ந்தது. அரசியாரின் தாயாருக்குத் தோழியாக இருந்த ஃபுளோரா ஹேஸ்டிங்ஸ் என்னும் மணமாகாத பெருமாட்டியின் வயிறு பருத்தது. நிலை மருத்துவரான சர் ஜேம்ஸ் கிளார்க் அதனைக் கருவெனக் கருத இடமளித்தார். அரண்மனை முழுதும் பழி பரவிற்று. பின்னர் நிகழ்ந்த சோதனை அப்பெருமாட்டி கன்னியே என உறுதிப்படுத்தியது. 1839 சூலையில் அவர் இறந்தபொழுது, கல்லீரல் நோயே வயிறு பருத்தமைக்குக் காரணம் என்பதைப் பிண ஆய்வு காட்டிற்று. கைஸ் மருத்துவமனையில் ஓர் ஏழைப் பெண்ணின் வயிறு பருத்திருப்பின், பிரைட்டின் மாணவர் அதன் காரணத்தை முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்திருப்பர். ஆங்கே தொட்டுப் பார்த்தலும், நாள்தோறும் குறித்தலும், இறந்தபின் அறுத்தாய்தலும் இயல்பாக நிகழ்ந்தன. அரண்மனையிலோ மானமும் மரபும் வதந்தியும் மருத்துவரின் கையைத் தடுத்தன. அறிவு வளர்தற்கு ஏற்ற இடம் அரண்மனை அன்று என்பதை இவ்வேறுபாடு நன்கு விளக்கும்.

1842-இல் கைஸ் மருத்துவமனை, சிறுநீரக நோயாளர்க்கென்றே இரண்டு கூடங்களை ஆறு மாத காலம் ஒதுக்கிற்று. ஆடவர்க்கும் மகளிர்க்குமாக 42 படுக்கைகள். இரண்டுக்கும் இடையே கலந்தாய்வு அறையும் வேதியியல் ஆய்வுக்கூடமும் அமைந்தன. பார்லோ, ரீஸ் என்னும் இளைய மருத்துவர் இருவர் பிரைட்டுக்குத் துணைநின்றனர். ஒரே வகை நோயாளரை ஓரிடத்திற் சேர்த்து, மருத்துவமும் வேதியியலும் அருகருகே இயங்க வைத்த இவ்வமைப்பே இற்றை நாள் சிறப்பு மருத்துவப் பிரிவுகளுக்கு முன்னோடி எனலாம். அதே ஆண்டில் வில்லியம் பௌமன் சிறுநீரகத்தின் நுண்ணமைப்பை நுண்ணோக்கியால் கண்டு வெளியிட்டார். பிரைட் வெறுங்கண்ணால் கண்ட மாற்றங்களின் உட்பொருளை அறியும் வழி அப்பொழுது திறந்தது.

தீர்க்க இயலாத நோய்

பிரைட் கண்டறிந்த நோயை அவரால் தீர்க்க இயன்றதா? இயலவில்லை. குருதி வாங்குதல், பேதி மருந்து, வியர்வை உண்டாக்குதல், பாலுணவு, வெதுவெதுப்பான ஆடை ஆகியன அவர் கையாண்ட வழிகள். முற்றிய நிலையில் நோய் குணமாதல் அரிது என அவரே எழுதினார். 1943-இல் நெதர்லாந்தில் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பயன்படுத்தும் வரையும், 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசஃப் மர்ரி இரட்டையரிடையே சிறுநீரகம் மாற்றி வெற்றி காணும் வரையும், அவர் சொன்ன நிலை பெரிதும் மாறவில்லை. பிரைட்டுக்கும் இவர்களுக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்தது.

எனின், தீர்க்க இயலாததை அறிந்தமையால் பயன் என்ன என்று வினவலாம். வீக்கம் என்னும் ஒரே பெயரின்கீழ்க் கிடந்த இதய நோயாளியும் கல்லீரல் நோயாளியும் சிறுநீரக நோயாளியும் பிரித்தறியப்பட்டனர். ஒருவர்க்கு நன்மை தரும் மருந்து மற்றவர்க்குத் தீமை தருதல் புலனாயிற்று. பின்வந்தோர் எதனைத் தீர்க்க முயலவேண்டும் என்பது தெளிவாயிற்று. தன் கருவியால் தீராத நோயையும் முழுமையாக எழுதி வைத்தல், தான் காணாத மருத்துவர்க்குச் செய்யும் உதவியாகும்.

பெயரின் வரலாறு

பிரைட்டின் காலத்திலேயே ஐரோப்பா முழுவதும் இந்நோயைப் 'பிரைட் நோய்' என வழங்கத் தலைப்பட்டது. பாரிசில் பியர் ரேயர் 1839 முதல் 1841 வரை சிறுநீரக நோய்களைப் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவரும் பின்னர் மூன்றாம் நெப்போலியனின் மருத்துவர் ஆனார் என்பது ஒப்பிட்டு நோக்கத் தக்கது. ஆங்கும் மருத்துவமனை முன்னும் அரண்மனை பின்னுமே. செருமனியில் ஃபிரேரிக்ஸ் 1851-இலும், ஃபோல்கார்டும் ஃபாரும் 1914-இலும் எழுதிய பெருநூல்கள் பிரைட்டின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கின.

நுண்ணாய்வு பெருகப் பெருக, அவ்வொரு பெயரின்கீழ்ப் பல வேறு நோய்கள் அடங்கியிருத்தல் தெரிந்தது. 1827-இல் பிரைட் முடிவு கட்டாது விட்ட வினாவுக்கு இங்ஙனம் விடை கிடைத்தது. இன்று மருத்துவர் 'பிரைட் நோய்' என எழுதுவதில்லை. சிறுநீரக மருத்துவம் தனித்துறையாக உலகளவில் அமைந்தது, பன்னாட்டுச் சிறுநீரகவியல் கழகம் 1960-இல் தோன்றியதன் பின்னரே. ஆகவே, பிரைட்டைச் 'சிறுநீரக வல்லுநர்' என்பதும் பிற்காலத்தார் இட்ட பெயரே. தம் காலத்தில் அவர் கல்லீரல், கணையம், மூளை ஆகியவற்றின் நோய்களையும் ஆராய்ந்த பொது மருத்துவர்.

முடிவுரை

பிரைட் 1858 டிசம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். அவர் உடலும் பிண ஆய்வுக்கு உட்பட்டது. இதயத்தின் பெருநாடி வாயில் இறுகிச் சுண்ணமேறியிருந்தமையே இறப்புக்குக் காரணம் எனக் கண்டனர். பல நூறு ஏழையரின் உடல்களிற் கையாண்ட முறையே இறுதியில் அவர் உடலிலும் கையாளப்பட்டது.

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படும். முதலாவது, பிரைட்டின் ஆராய்ச்சி அரச பதவியால் விளைந்ததன்று. விளைந்த ஆராய்ச்சியை அரண்மனை பின்னர் ஏற்றுச் சிறப்பித்தது. இரண்டாவது, அவ்வாராய்ச்சி தனியொருவரது அன்று. ஹாட்ஜ்கினின் அறுவை ஆய்வும், பாஸ்டாக், பாபிங்டன், ரீஸ் ஆகியோரின் வேதியியலும், சேயின் ஓவியமும் அதன் கூறுகள். மூன்றாவது, அவ்வறிவின் மூலச்சுவடி ஏழை நோயாளரின் உடல். கப்பலோட்டியும், கூலியாளும், பணிப்பெண்ணும் உயிரோடிருந்தபொழுது கரண்டியளவு சிறுநீரும், இறந்தபின் தம் உடலும் தந்தனர். அவர்க்குக் கிடைத்த மருத்துவமோ மிகச் சிறிது.

அரசர்க்குரிய பட்டத்தோடு ஓர் அறிஞரை அறிமுகஞ் செய்தல் வழக்கம். அவ்வழக்கம் நீங்கவேண்டுவதில்லை. ஆயினும் 'அரசியாரின் மருத்துவர்' என எழுதும் கை, 'கைஸ் மருத்துவமனை நோயாளரின் மருத்துவர்' எனவும் உடன் எழுதுமாயின், பிரைட்டின் வரலாறு முறைபிறழாது நிற்கும்.